எலுமிச்சை மணக்கும் கடற்கரை

இத்தாலி நாட்டின் தேசப்படத்தை விரித்துப் பார்த்தால், அது கடலுள் நீட்டிய ஒரு சப்பாத்துப் போலத் தோன்றும். அச் சப்பாத்தின் முன்பக்கத்திலே, நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே, மலைத்தொடர் ஒன்று கடலுள் இறங்கி ஒரு சிறு குடாநாடாக நீண்டு கிடக்கின்றது. சொரெந்தோக் குடாநாடு என்பது அதன் பெயர். அதன் தென்கரையே உலகப் புகழ் பெற்ற அமால்பிக் கரை. மேற்கே பொசித்தானோவிலிருந்து கிழக்கே வியெத்திரி வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் நீளமுள்ள இக்கரையிலே சமநிலம் என்று சொல்லத்தக்கது மிகச் சிறிது. மலை நேரே கடலில் இறங்குகின்றது. இறங்கும் மலையின் மடிப்புக்களிலே வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமான வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. 1997ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கரையை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இத்தகைய இடத்துக்கு ஓர் இலங்கை ஆசிரியர் தம் சம்பளத்தை நம்பிப் புறப்பட்டுவிட முடியாது. கோடைகாலத்தில் இங்குள்ள முதற்றர விடுதிகளிலே ஓர் இரவுக்கு ஓர் அறையின் வாடகை ஆயிரம் யூரோவைத் தாண்டும். அஃதாவது, எம் போன்றோரின் பல மாதச் சம்பளம் ஓரிரவு உறக்கத்தோடு முடிந்துவிடும். இலண்டனில் வாழும் எமது மைத்துனர் ஒருவர் எமக்கும் எம் துணைவியாருக்குமாக இரண்டு இருக்கைகளை முன்கூட்டியே வாங்கித் தந்தமையாலேயே, கல்லூரி விடுமுறையொன்றில், ஓகஸ்ட் மாதத்திலே, ஏழு நாள் உல்லாசப் பயணமொன்றில் நாம் சேர்ந்துகொள்ள நேர்ந்தது. சிறு வண்டி, பதினான்கு பயணிகள், ஒரு சாரதி, ஒரு வழிகாட்டிப் பெண்மணி. தங்குமிடங்களெல்லாம் மாளிகைகள். கண்டவற்றையும், கண்டபோது எம்முள்ளே எழுந்த எண்ணங்களையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாம்பலில் உறங்கிய நகரம்

பயணம் நேப்பிள்ஸில் தொடங்கியது. வளைகுடாவின் நடுவே இரட்டைக் கொடுமுடியோடு விசுவியஸ் எரிமலை நிற்கின்றது. கி.பி. 79ஆம் ஆண்டில் அது வெடித்தபோது பொம்பேயி நகரம் சாம்பலும் நுரைக்கல்லும் மூடி மறைந்தது. 1748ஆம் ஆண்டில் அகழ்வு தொடங்கிற்று. இன்னும் நகரத்தின் மூன்றிலொரு பங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கின்றது. தேர்ச்சில்லுகள் தேய்த்த பள்ளங்கள் கல்வீதிகளில் அப்படியே இருக்கின்றன. வெதுப்பகங்களின் திரிகைக் கற்களும் அடுப்புக்களும் நாளைக் காலை வேலைக்குக் காத்திருப்பன போல நிற்கின்றன.

இப் பொம்பேயியிலே 1938ஆம் ஆண்டு ஒரு வீட்டினுள் தந்தத்தாற் செய்த பெண் சிலையொன்று கண்டெடுக்கப்பட்டது. ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த உயரம். கழுத்திலும் கைகளிலும் கால்களிலும் நிறைந்த அணிகள். இரு மருங்கிலும் இரு தோழியர். அது உரோமரின் கைவண்ணமன்று. இந்தியாவிலே செதுக்கப்பட்டுக் கடல் கடந்து வந்த பொருள். அடியிலே கரோஷ்டி எழுத்தொன்றும் உண்டு. அம் மங்கை இலக்குமியா, இயக்கியா என்று அறிஞர் வாதிடுவர். இன்று அவள் நேப்பிள்ஸ் தொல்பொருட்சாலையில் இருக்கின்றாள். எமது குழுவினர் அவளைக் கடந்து விரைந்து சென்றனர். நாமும் எம் துணைவியாரும் மாத்திரம் அங்கே நின்றோம். மிளகும் முத்தும் பருத்தித்துணியும் ஏற்றிய மரக்கலங்களின் துணையோடு வந்த ஒரு விருந்தாளி, சாம்பல் மழைக்கும் தப்பி, ஈராயிரம் ஆண்டு கழித்து எம்மை எதிர்கொண்டதாகவே தோன்றிற்று.

நம் தீவைப் பற்றி எழுதியவர் இறந்த கரை

பொம்பேயியை விட்டுச் சொரெந்தோவை நோக்கிச் செல்லும் வழியில் கஸ்தெல்லமாரே என்னும் பட்டினம் உண்டு. உல்லாசப் பயண வண்டிகள் அங்கே நிற்பதில்லை. பழங்காலத்தில் அவ்விடத்துக்கு ஸ்தாபியே என்று பெயர். விசுவியஸ் வெடித்தபோது வளைகுடாவின் மறுமுனையிலிருந்த மிசேனம் துறைமுகத்தில் உரோமக் கடற்படைக்குத் தலைவராயிருந்தவர் மூத்த பிளினி. அவர் பேரறிஞர். முப்பத்தேழு நூற்றொகுதிகளைக் கொண்ட 'இயற்கை வரலாறு' அவர் ஆக்கியதே. மலைமேல் எழுந்த புகைமரத்தைக் கண்டதும், அதனை அருகிற் சென்று பார்க்க வேண்டுமென்னும் அறிவு வேட்கையாலும், கரையில் அகப்பட்டோரை மீட்க வேண்டுமென்னும் கடமையுணர்ச்சியாலும் கப்பல்களைச் செலுத்திக்கொண்டு வந்தார். ஸ்தாபியேக் கரையில் உயிர் நீத்தார். அவருடைய மருமகன் இளைய பிளினி வரலாற்றாசிரியர் தாசித்தசுக்கு எழுதிய கடிதத்தால் இச்செய்தியை உலகம் அறிகின்றது.

இந்தப் பிளினிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்கலாம். 'இயற்கை வரலாறு' என்னும் நூலின் ஆறாந் தொகுதியிலே அவர் நமது தீவைத் 'தப்ரபேன்' என்று குறிப்பிட்டு, வியத்தகு செய்தியொன்றைக் கூறுகின்றார். அன்னியஸ் புளோகாமஸ் என்பவன் செங்கடற் பகுதியில் வரி தண்டும் உரிமையை ஏலத்தில் எடுத்திருந்தான். அவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரேபியாவைச் சுற்றிக் கப்பலிற் சென்றபோது, காற்றினால் அடிபட்டுப் பதினைந்தாம் நாள் நம் தீவின் 'இப்புரோஸ்' என்னும் துறையிற் சேர்ந்தான். அரசன் அவனை ஆறு மாதம் விருந்தோம்பினான். நாட்டு மொழியை அவன் கற்றான். அவனிடமிருந்த உரோம நாணயங்கள் வெவ்வேறு பேரரசரின் உருவங்களைத் தாங்கியிருந்தும் யாவும் ஒரே எடையினவாயிருக்கக் கண்டு, அந்நாட்டாரின் நேர்மையை மெச்சிய அரசன், உரோமுக்குத் தூதுவர் நால்வரை அனுப்பினான். இது குளோடியஸ் பேரரசன் காலத்துச் செய்தி. அவன் ஆண்டது கி.பி. 41 முதல் 54 வரை. இப்புரோஸ் என்பது நமது வடமேல் கரையிலுள்ள குதிரைமலையே என்று அறிஞர் சிலர் கருதுவர். கிரேக்க மொழியில் 'இப்போஸ்' என்றால் குதிரை.

எகிப்தின் கீழைப் பாலைநிலத்துப் பாறையொன்றிலே, அன்னியஸ் புளோகாமசின் அடிமை இலைசஸ் என்பவன் கி.பி. 6ஆம் ஆண்டிற் பொறித்த எழுத்துக்களும் கிடைத்துள்ளன. ஆதலால் அக்குடும்பம் வெறுங் கற்பனையன்று. அன்னியர் என்னும் அவ்வணிகக் குடும்பத்தின் பெயர் நேப்பிள்ஸ் வளைகுடாவின் மேற்கிலுள்ள புத்தியோலித் துறைமுகத்துக் கல்வெட்டுக்களிலும் காணப்படுகின்றது. நம் நாட்டு மிளகும் முத்தும் உரோமுக்குப் போன வாயில்களுள் ஒன்று அத்துறைமுகம். நம் தீவின் கதையை எழுதிவைத்த மனிதர் கண்மூடிய கரையை எமது வண்டி நான்கு நிமிடத்திற் கடந்தது. சாளரங்களிலே திரை இழுத்துவிடப்பட்டிருந்தது, வெயில் கடுமையாம். செல்வச் சுற்றுலாவின் இயல்பு இதுவென்று அன்றே விளங்கிற்று. அது காட்ட விரும்புவதைக் காட்டும். மற்றவற்றைத் திரையிட்டுக் கடக்கும்.

நீலக் குகையும் நீண்ட வரிசையும்

சொரெந்தோ செங்குத்தான பாறைமேல் அமைந்த நகரம். 1544ஆம் ஆண்டு தோர்குவாத்தோ தாஸ்ஸோ என்னும் பெருங்கவிஞர் பிறந்த ஊர். அங்கிருந்து படகேறி அரைமணி நேரத்துக்குள் கப்ரித் தீவை அடையலாம். திபேரியஸ் பேரரசன் தன் கடைசிப் பத்தாண்டுகளை, கி.பி. 27 முதல் 37 வரை, இத்தீவிலே கழித்தான். உலகப் பேரரசொன்றை ஒரு பாறைத்தீவின் உச்சியிலிருந்து ஆண்டான். அவன் மாளிகையின் இடிபாடுகள் கடலுக்கு நேர்மேலே இன்றும் நிற்கின்றன.

நீலக் குகையைக் காணாமல் கப்ரியை விட்டு வருவோர் குறைவு. குகையின் வாயில் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரமே. சிறு தோணியிலே மல்லாந்து படுத்துக்கொண்டால் மாத்திரமே உள்ளே நுழையலாம். நுழைந்ததும் நீர் முழுவதும் உள்ளிருந்து விளக்கேற்றியது போல நீலமாய் ஒளிர்கின்றது. மாயமன்று, பௌதிகம். வாயிலின் கீழே நீரினுள் மற்றொரு பெருந்துளை உண்டு. வெயில் அதனூடாக நீரைக் கடந்து வருகையில் செந்நிறக் கதிர்களை நீர் விழுங்கிவிட, நீலமே எஞ்சி உள்ளே பரவுகின்றது. 1826ஆம் ஆண்டு கோப்பிஷ் என்னும் செருமானியர் எழுதிப் புகழ் பரப்பியதால் அவரே அதனைக் 'கண்டுபிடித்தார்' என்பர். ஆனால் அவரை அங்கே இட்டுச் சென்றவர் அவ்வூர் மீனவர் ஒருவரே. உள்ளூரார் அறிந்திருந்ததை வெளியூரார் எழுதும்போதுதான் அது கண்டுபிடிப்பு ஆகின்றது போலும்!

வெயிலிலே ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்தது ஐந்து நிமிடம். தோணிக்காரர் ஒருவர் கணீரென்று பாடினார். பாடி முடித்ததும் கையை நீட்டினார்.

வளைவுகள் நிறைந்த பாதை

நான்காம் நாள் குடாநாட்டின் முதுகைக் கடந்து தென்கரைக்கு இறங்கினோம். மலைமார்பைக் குடைந்தும் வெட்டியும் அமைத்த இப்பாதை, நேப்பிள்ஸைப் பூர்பன் மன்னர் ஆண்ட 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கி நடுப்பகுதியில் முடிந்தது. அதற்கு முன் இக்கரையின் ஊர்களை இணைத்தவை கடலும் கோவேறு கழுதைப் பாதைகளுமே. ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். வளைவு தோறும் சாரதி ஒலியெழுப்பி, எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுப் பின்வாங்குகின்றார். எம் துணைவியார் நல்லூர்க் கந்தனை அழைத்ததை நாம் எண்ணத் தொடங்கிப் பதினெட்டோடு விட்டுவிட்டோம். நெரிசல் தாங்காமற் போகவே, 2022ஆம் ஆண்டிலிருந்து கூட்டம் மிகுந்த நாட்களிலே தனியார் கார்கள் இலக்கத் தகட்டின் ஒற்றை, இரட்டை எண்ணின்படி ஒருநாள் விட்டு ஒருநாளே இப்பாதையிற் செல்லலாம் என்று விதித்துள்ளனர். சாரதியோடு வாடகைக்கு அமர்த்திய வண்டிக்கு அவ்விதி இல்லை. செல்வம் வளைவுகளையும் நேராக்கும்.

பொசித்தானோவில் வாழ்வோர் நாலாயிரத்துக்கும் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகம் நலிந்து, ஊராரின் பெரும்பகுதியினர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். பூட்டிய வீடுகளே மிஞ்சின. பூட்டிய வீடு எத்தகையது என்பதை யாழ்ப்பாணத்து வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பின்னர் அவ்வெறுமையான அழகைத் தேடிக் கலைஞர்கள் வந்தனர். 1951ஆம் ஆண்டு சேர்சாலே என்னும் பிரபுக் குடும்பத்தார் தமது கோடைகால இல்லத்தை 'லெ சிரெனூசே' என்னும் விடுதியாக்கினர். 1953ஆம் ஆண்டு அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் இவ்வூரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் உலகம் வழி கண்டுகொண்டது.

ஊர்க்கோயிலின் பச்சையும் மஞ்சளுமான மாடத்தின் கீழே, நிலத்தடியில், 79ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பல் மூடிய உரோம மாளிகை ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டில் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்தனர். சுவரோவியங்களின் நிறம் இன்னும் மங்கவில்லை. கடல் பார்த்த மாளிகையில் உண்டு களித்து ஓய்வெடுக்கச் செல்வர்கள் இக்கரைக்கு வருவது இன்று நேற்றைய வழக்கமன்று என்பதை அச்சுவர்கள் சொல்லுகின்றன.

துறவிகளின் அறைகளிலே

ஐந்தாம் நாள் அமால்பி. ஐயாயிரம் மக்களும் இல்லாத இச்சிற்றூர் ஒருகாலத்திலே வெனிஸ், ஜெனோவா, பீசா என்பவற்றோடு தோள் உரசி நின்ற கடற்குடியரசு. கிழக்கே கொன்ஸ்தாந்தினோப்பிள் வரை அதன் வணிகர் வாழ்ந்தனர். எருசலேமிலே யாத்திரிகர்க்கு மருத்துவ சாலை அமைத்தவர்களும் அவர்களே. அமால்பி அட்டவணை என்னும் கடற்சட்டத் தொகுதி, கப்பற் சொந்தக்காரருக்கும் மாலுமிக்கும் வணிகருக்கும் உள்ள உரிமை கடமைகளை அறுபத்தாறு விதிகளில் வகுத்தது. பேராலயத்தின் அறுபத்திரண்டு படிகளையும் ஏறினால், பதினோராம் நூற்றாண்டிலே கொன்ஸ்தாந்தினோப்பிளில் வார்க்கப்பட்ட வெண்கலக் கதவுகளைக் காணலாம். துறைமுகத்தருகே திசையறி கருவியைக் கண்டுபிடித்தவர் என்று பிளாவியோ ஜியோயாவுக்குச் சிலை வைத்திருக்கின்றனர். அப்படி ஒருவர் வாழ்ந்தாரா என்பதே ஐயம் என்கின்றனர் வரலாற்றாசிரியர். சிலையோ உறுதியாக நிற்கின்றது.

அத்தகைய நகரம் எப்படிச் சிறுத்தது? 1135இலும் 1137இலும் பீசாவின் படை அதனைச் சூறையாடியது. 1343ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் கடல் பொங்கி வந்து துறைமுகத்தையும் தாழ்ந்த நகர்ப்பகுதியையும் வாரிக்கொண்டு போயிற்று. அன்று நேப்பிள்ஸில் இருந்த கவிஞர் பெத்ரார்க் அக்கொடுமையைக் கடிதத்தில் வருணித்துள்ளார். அதனை நெடுங்காலம் புயல் என்றே கருதினர். ஸ்திரோம்போலி எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் வீழ்ந்ததனால் எழுந்த ஆழிப்பேரலையாகலாம் என்று 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. 2004ஆம் ஆண்டு மார்கழித் திங்களை நேரிற் கண்ட நமக்கு அக்கடிதச் செய்தி தூரத்துச் செய்தியன்று.

அமால்பியிற் காகிதமும் புகழ்பெற்றது. அரபியரிடமிருந்து கற்ற கலை. கந்தற்றுணிகளை நீர்ச்சில்லு இயக்கும் சம்மட்டிகளால் இடித்துக் கூழாக்கித் தாள் செய்தனர். அது நிலைக்காது என்று ஐயுற்ற இரண்டாம் பிரெடெரிக் பேரரசன், 1231ஆம் ஆண்டிலே அரச ஆவணங்களைக் காகிதத்தில் எழுதலாகாது, தோலிலேயே எழுதுக என்று கட்டளையிட்டான். அக்காகிதமோ அவன் பேரரசுக்குப் பின்னும் நெடுங்காலம் நிலைத்தது. ஓலைச்சுவடியின் வழிவந்தோர்க்கு அவ்வாலைகளின் நூதனசாலை ஒரு யாத்திரைத் தலம்.

நாம் தங்கிய விடுதி ஆதியில் ஒரு மடம். இக்கரையிலே அது வழக்கம். 1212ஆம் ஆண்டு எழுந்த மடமொன்றும் 1222ஆம் ஆண்டு எழுந்த மடமொன்றும் அமால்பியிலேயே விடுதிகளாயுள்ளன. பின்னதிலே 1879ஆம் ஆண்டு தங்கியிருந்த காலத்திலேதான் நோர்வே நாடகாசிரியர் இப்சன் 'பொம்மை வீடு' என்னும் நாடகத்தை எழுதினார். வேண்டா என்று உலகைத் துறந்தவர்கள் ஒரு பாயும் ஒரு சிலுவையுமாய் வாழ்ந்த அறைகளிலே, இன்று எட்டுத் தலையணைகளும் பளிங்குத் தொட்டியும் இருக்கின்றன. காலை உணவுக்கு வைத்திருந்த பழவகைகளை எண்ணி முடிக்க இயலவில்லை. நாம் மரக்கறி உணவே உண்போம் என்று கேட்டறிந்த பரிசாரகர், மறுநாள் நாம் சொல்லாமலே தக்காளியும் கத்தரிக்காயும் இட்டுச் சமைத்த கறியொன்றைக் கொண்டுவந்தார். செல்வச் சுற்றுலாவிலே உண்மையான சுகம் எது என்று கேட்பின், பளிங்கன்று, அந்த நினைவாற்றலே என்போம்.

ஆறாம் நாள், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீற்றர் உயரத்திலுள்ள இராவெல்லோவுக்கு ஏறினோம். 1880ஆம் ஆண்டு இங்குள்ள ரூபோலோ மாளிகையின் தோட்டத்தைக் கண்ட செருமானிய இசைமேதை வாக்னர், தாம் ஆக்கிக்கொண்டிருந்த 'பார்சிபால்' இசைநாடகத்துக்குரிய மாயத் தோட்டம் இதுவே என மகிழ்ந்தார். 1953ஆம் ஆண்டு முதல் அத்தோட்டத்திலே இசைவிழா நடைபெற்று வருகின்றது. சிம்புரோனே மாளிகையின் மேல்தளத்திலே, கற்சிலைகளின் வரிசைக்கு அப்பால், வானும் கடலும் ஒன்றாகி எல்லையற்றுக் கிடக்கின்றன. அங்கே பேசுவோர் எவருமில்லை. பதினான்கு பேரும் வாய் மூடி நின்ற ஒரே இடம் அதுவே.

கல்மதிலைக் கட்டியவர்

அவ்வுயரத்திலிருந்து கீழே நோக்கியபோதுதான் ஒன்று தெளிவாயிற்று. நாம் இதுகாறும் இயற்கையழகு என்று வியந்ததிற் பாதி இயற்கையன்று. மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் சாந்து பூசாத கல்மதில் கட்டப்பட்டிருக்கின்றது. அப்படிகளிலே மண்ணைச் சுமந்துகொண்டு வந்து நிரப்பி எலுமிச்சை நட்டிருக்கின்றனர். மலையை ஆயிரம் ஆண்டாகச் செதுக்கியவை மனிதர் கைகள்.

மாலையிலே மற்றையோர் கடைவீதிக்குச் செல்ல, வழிகாட்டிப் பெண்மணியின் உதவியோடு மினோரிக்கும் மாயோரிக்கும் இடையே செல்லும் பழைய எலுமிச்சைப் பாதையில் நடந்தோம். நமது தேசிக்காய் உருண்டையானது. இவ்வூர் எலுமிச்சையோ நீண்டு இருமுனையும் கூர்த்தது. நம் முழங்கையின் மணம் மாறாமல் இருக்க ஒரு தோற்சீவலே போதும். 2001ஆம் ஆண்டில் அதன் பெயர்க்கு ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. செஸ்நட் மரக் கம்புகளாற் பந்தலிட்டுக் கொடி போலப் படரவிடுகின்றனர். மாரிக்காலத்தில் பனியும் ஆலங்கட்டியும் படாதிருக்கப் பந்தலின்மேல் மூடுகின்றனர். பந்தற் கம்புகளின்மேல் நடந்து வேலை செய்யும் தோட்டக்காரரைப் 'பறக்கும் உழவர்' என்று அழைப்பர்.

அத்தகைய முதியவர் ஒருவரைக் கண்டோம். எமது வழிகாட்டி அவரை மிக்க பணிவோடு வணங்கி எம்மை அறிமுகஞ் செய்தார். தம் தாயாரும் இப்பாதையிலே எலுமிச்சை சுமந்தவர் என்றார் முதியவர். அக்காலத்தில் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட கூடையைத் தோளிலேற்றி, நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கிக் கரையிலுள்ள மரக்கலத்துக்குக் கொண்டு சேர்த்தவர்கள் பெண்கள். நாளொன்றுக்குப் பலமுறை. அவர்களைச் 'சிற்றெறும்புகள்' என்று ஊரார் அழைத்தனர்.

"ஐயா, உங்களுக்குப் பின் இத்தோட்டத்தை யார் பார்ப்பார்?" என்று வினவினோம்.

முதியவர் சரிவிலே தெரிந்த ஒரு விடுதியைச் சுட்டினார். "என் மகன் அங்கே கார்களைக் காவல் செய்கின்றான். ஒரு மாதத்தில் அவன் பெறுவதை இம்மதில்கள் எனக்கு ஓராண்டில் தருவதில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன்" என்றார். பின், சரிந்து கிடந்த மதிலொன்றின் கற்களைக் காட்டி, "இது போன மாரியில் விழுந்தது. பக்கத்துத் தோட்டத்தில் எவருமில்லை. அங்கே விழுந்தால் இங்கேயும் விழும்" என்றார்.

அச்சொல்லின் பொருளை நாம் பிறகே முழுமையாக உணர்ந்தோம். கல்மதில்கள் எலுமிச்சையை மட்டுமன்று, மலையையே தாங்குகின்றன. சாந்தில்லாத கற்களின் இடுக்குகளால் மழைநீர் மெல்லக் கசிந்து இறங்கும். பராமரிப்பு நின்றால் நீர் தேங்கும், மதில் பிதுங்கும், ஒரு படி சரிந்து அடுத்த படியின்மேல் விழும், மண்ணும் கல்லும் ஆறாகும். 1954ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆம் நாள் இரவு பெய்த பெருமழையிலே சலேர்னோ, வியெத்திரி, மாயோரி, மினோரி ஆகிய ஊர்களிலே 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2010ஆம் ஆண்டு செப்ரெம்பரில், அமால்பிக்கு அடுத்த அத்திரானியிலே வீதியே ஆறாகி ஓர் இளம்பெண்ணை அடித்துச் சென்றது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமால்பியின் வாயிலிலே பாறை சரிந்து பாதை பல வாரங்கள் மூடிக்கிடந்தது.

இதுவே இக்கரையின் உட்சிக்கல். விடுதி உழவனின் மகனை அழைத்துக்கொள்கின்றது. உழவு ஓய்கின்றது. மதில் விழுகின்றது. மதில் விழுந்தால் விடுதியின் சாளரத்திலே தெரியும் அழகும் விழும்; விடுதிக்கே வரும் பாதையும் விழும். ஓரிரவுக்கு ஆயிரம் யூரோ கொடுப்பவர் எதனைப் பார்க்கக் கொடுக்கின்றாரோ, அதனைக் கட்டிக்காப்பவரின் கைக்கு அப்பணத்தின் சிறுதுளியே சேர்கின்றது. விடுதியைப் பழிப்பது எளிது. ஆனால் விடுதி இல்லாவிடின் முதியவரின் மகன் அமெரிக்காவுக்கே கப்பலேறியிருப்பான். அவனைத் தன் தாய் முகம் காணும் தூரத்திலே நிறுத்தியிருப்பதும் அவ்விடுதியே. ஆதலால் விடுதியா, மதிலா என்பதன்று வினா. விடுதியின் வருவாயிலிருந்து மதிலுக்கு எவ்வழியாற் பங்கு சேரும் என்பதே வினா. எலுமிச்சைத் தோட்டத்தைக் கட்டணம் பெற்று விருந்தினர்க்குக் காட்டி, அப்பணத்தால் மதில் செப்பனிடும் குடும்பங்கள் சில இன்று அமால்பியில் உண்டு. சிறிய தொடக்கமே; ஆயினும் சரியான திசை.

மீன்நீர் சொட்டும் ஊர்

ஏழாம் நாள் சலேர்னோவுக்குச் செல்லும் வழியில் செத்தாரா என்னும் மீனவர் ஊரில் வண்டி சிறிது நேரம் நின்றது. நெத்தலி மீனை மரப்பீப்பாவிலே உப்போடு அடுக்கடுக்காக இட்டு, மேலே பாரக்கல் வைத்து, மாதக்கணக்கில் ஊறவிட்டுச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுக்கும் மீன்நீர் இவ்வூரின் பெருமை. உரோமர் விரும்பியுண்ட 'காரும்' என்னும் மீன்சாற்றின் வழித்தோன்றல் அது. புலால் உண்ணாத நாம் அதனைச் சுவைக்கவில்லை. எனினும் வலை உலர்த்திய முற்றங்களும், கரையேற்றிய படகுகளும், படகின் நிழலிலிருந்து வலை பொத்தும் முதியவர்களும் எமக்கு வல்வெட்டித்துறையையும் பருத்தித்துறையையும் நினைவூட்டினர். ஏழு நாளிலும் வேற்றூர் என்று தோன்றாத ஊர் அது ஒன்றே.

நமது நாட்டிலும் கரையோரங்களிலே விடுதிகள் எழுகின்றன. பாசிக்குடாவிலே 2009ஆம் ஆண்டின் பின் எழுந்தவை பல. நமது பிள்ளைகளுட் பலர் நாளை அவற்றிலே பணி புரிவர். சிலர் அவற்றை நடத்துவர். ஒரு சிலர் விருந்தினராகவும் செல்வர். அவர்களுக்கு அமால்பி மலைச்சரிவு சொல்லும் செய்தி உண்டு. எந்தக் கரையின் அழகும் தானே நிலைப்பதில்லை. அங்கே கல்மதில், இங்கே கண்டற்காடும் கடற்பாறையும் மணல்மேடும், அவற்றின் இயல்பறிந்த மீனவரும். விடுதிக்கு அத்திவாரம் வெட்டுமுன் அக்கரையை இதுகாறும் காத்துநிற்பது எது, காப்பவர் யார், அவருக்கு நாம் தரும் பங்கு என்ன என்று கேட்கும் பழக்கத்தை இளைஞர் கைக்கொள்வாராக. மாயோரி மலையிலே விழுந்த கற்களை அம்முதியவர் எடுத்து அடுக்கத்தான் செய்வார். ஆனால் அவருக்கு வயது எண்பத்திரண்டு.